அண்ணி வளர்த்த கடல் குருணை

அண்ணி,

நேற்று இங்கே வந்திருந்த உங்கள் மகன் ஒரு சின்ன பிளாஸ்டிக் புட்டியின் மூடியைத் திறந்து என் மூக்கருகே நீட்டினான். ஈரக் கயிறும் சிப்பியும் பாதி காய்ந்த பாசியும் கலந்த ஒரு வாடை. இந்த வயசில் என் மூக்கு பாதி வேலைதான் செய்கிறது. பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால்கூட எனக்குத் தெரிவதில்லை. ஆனால் இந்த வாடை நேராக உள்ளே போய்விட்டது. கேஜிஎஃப் ராபர்ட்சன்பேட்டையில் நம் மளிகைக் கடைக்குப் பின்னால் இந்த வீடு அன்று இருந்த விதம், அதன் பின்கட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஜாடிகளின் முன்னால் நீங்கள் குந்தியிருந்தது, எல்லாம் வந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாற்றம் தாங்காமல்தான் மூடிக்கொண்டேன் என்று நினைத்து அவன் புட்டியை மூடிவிட்டான்.

"இதுல உயிர் இருக்கு அத்தை. கோபிபாடுன்னு பேரு. சின்னச் சின்னப் புள்ளியா ஓடும். இத வீட்லயே கல்ச்சர் பண்ணிட்டா என் மீனுக்கு டெய்லி சாப்பாடு ரெடி," என்றான். பெங்களூரில் அவன் வீட்டுக் கூடத்தில் கட்டில் அகலத்துக்கு ஓர் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி வைத்திருக்கிறானே, அதற்காக.

"இது குருணைடா. உங்கம்மா இத ஊறுகா ஜாடியில வளத்தாங்க," என்றேன்.

"இந்த கேஜிஎஃப்லயா? கடலே இல்லாத ஊர்லயா? சும்மா இருங்க அத்தை!"

அவனுக்குத் தெரியவில்லை, அண்ணி. நீங்கள் பெற்று வளர்த்த பிள்ளைக்கு நீங்கள் இதைச் சொல்லவே இல்லை. அவன் முதல் முதலாக அந்தத் தொட்டியை வாங்கி வைத்து உங்களைக் கூப்பிட்டுக் காட்டியபோதுகூட, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். எனக்கு முதலில் உங்கள்மேல் கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது. அவனுக்குச் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை உங்களிடமே சொல்லிப் பார்க்கலாம் என்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் தூத்துக்குடிக்கு உப்பு வாங்கப் போய்ப் பெண் பார்த்துவிட்டு வந்தவன். கடைவீதி முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தது. உங்கள் அப்பாவுக்கு அங்கே உப்பளங்களை அடுத்த துறைமுகத்துப் பக்கம் கயிறும் வலையும் விற்கிற கடை. கல்யாணம் முடிந்து உங்களை அழைத்துக்கொண்டு வந்தபோது ஊரிகம் ஸ்டேஷனில் நானும் இறங்கினேன். சாயங்கால வெயிலில் சயனைடு மேடு வெளுத்துக் கிடந்தது. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கல்மாவு மலை அது. எங்களுக்கு அது பிறந்ததிலிருந்து பார்க்கிற மேடு. நீங்கள் மட்டும் நின்றுவிட்டீர்கள். முகமெல்லாம் சிரிப்பு.

"இங்கயும் உப்பு அம்பாரம் இருக்கா!" என்று கேட்டீர்கள்.

"அது உப்பு இல்ல, மைன்ஸ் மண்ணு," என்றான் அண்ணன்.

அந்தச் சிரிப்பு அப்படியே இறங்கியதை நான் பார்த்தேன். அன்றுதான் உங்களை எனக்குப் பிடித்துப்போனது என்று நினைக்கிறேன். நமக்குள் ஒரு வயசுதான் வித்தியாசம். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி அதட்டி வாய் நீண்டுபோனவள். நீங்கள் ஒரு வார்த்தை பேச ஒன்பது தடவை யோசிப்பவர். எப்படி ஒட்டியதோ, ஒட்டிவிட்டது.

ஆனால் ஊர் உங்களுக்கு ஒட்டவில்லை. காற்றடித்தால் அந்த மேட்டு மண் சோற்றுத் தட்டு வரை வரும். அம்மா அதட்டலாகத்தான் பேசுவாள், அன்பாகப் பேசினாலும் அதட்டலாகத்தான் இருக்கும். அண்ணன் விடிந்தால் கடையில் இருப்பான், விளக்கு வைத்தாலும் கடையில் இருப்பான். நீங்கள் கொண்டுவந்த தகரப் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து வெளியே வைக்கவே இல்லை. உடுத்தித் துவைத்து மடித்து மறுபடியும் பெட்டிக்குள்ளேயே வைப்பீர்கள். "அலமாரி காலியாத்தானே கீது," என்று அம்மா முணுமுணுப்பாள். கட்டிலுக்கு அடியில் அந்தப் பெட்டி எப்போதும் பயணத்துக்குத் தயாராகவே இருக்கும்.

ஒரு தடவை நீங்கள் காய்ச்சலில் படுத்தபோது என்ன வேண்டும் என்று அண்ணன் கேட்டான். "கடல் வேணும்," என்றீர்கள். அவன் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கடல்தானே, கொண்டாந்துட்டா போச்சு," என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். கேலி செய்கிறான் என்று நினைத்தோம். அந்த மாதமே மைன்ஸ் ஏலத்தில் கழித்துப்போட்ட ஆசிட் ஜாடிகளை வாங்கினான். பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்திருக்குமே, பானை வயிற்றுக் கண்ணாடி ஜாடிகள், அவைதான். நாட்கணக்கில் கழுவிக் கழுவி ஊற வைத்து, உங்கள் தம்பிக்கு ரயிலில் அனுப்பினான். ஜன்னல் கண்ணாடி போடுகிறவரைக் கூப்பிட்டு இரும்புச் சட்டத்தில் ஒரு தொட்டியும் கட்டச் சொன்னான். அண்ணனுக்கு ஆசையாகப் பேசத் தெரியாது, ஆனால் செய்யத் தெரியும்.

உங்கள் தம்பி ஜாடி நிறையக் கடலை எடுத்துக்கொண்டு வந்தார். இன்னொரு ஜாடியில் பாசி பிடித்த கல்லும் சிப்பியும். அதற்குள் வாலைச் சுருட்டிப் பாசியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஜோடி கடல் குதிரைகள். உங்களூர் வலையில் சிக்குமாம். மாறி மாறி ஏறிய ரயில்களில் கூட்டம் நெருக்கித் தள்ள, வழியெல்லாம் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். லாரி ட்யூபில் காற்றடித்து, ஆஸ்பத்திரியில் போடுகிற சலைன் ட்யூபை அதில் சொருகி, தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாகக் காற்று விடுகிற வித்தையை அண்ணன் கண்டுபிடித்தான். காலையில் எழுந்ததும் சைக்கிள் பம்பால் அந்த ட்யூபுக்குக் காற்றடிப்பது என் வேலை. பள்ளிக்கூடத்துக்குக் கை வலியோடு போன டீச்சர் நான் ஒருத்திதான் இருப்பேன்.

கடல் குதிரைகள் செத்ததைத் தொடவில்லை. உயிரோடு அசைவதைத்தான் தின்றன. சாக்கடையில் கொசுப்புழு வடித்துக்கொண்டு வந்து போட்டோம். "கடைக்காரர் வூட்டு மருமவளும் டீச்சரம்மாவும் கால்வாய்ல வலை போடுறாங்கோ," என்று எதிர்வீட்டில் சொன்னதை அம்மா வந்து சொல்லித் திட்டினாள். அம்மாவுக்கு அந்த வாடையே ஆகாது. "இன்னாமா இந்த நாத்தம்," என்று சொல்லாமல் பின்கட்டைத் தாண்ட மாட்டாள்.

பிறகு ஒருநாள் ஆண் குதிரையின் வயிறு உப்பியிருப்பதை நீங்கள் காட்டினீர்கள்.

"குட்டி இருக்கு," என்றீர்கள்.

"அது ஆம்பளைன்னு சொன்னீங்களே?"

"ஆம்பளைதான் சொமக்கும். பொம்பளை முட்டைய அது பையில விட்டுட்டுப் போயிரும்."

நான் சிரித்த சிரிப்பில் அண்ணன் கடையிலிருந்து எழுந்து வந்தான். விஷயத்தைச் சொன்னதும், "நல்ல பொழப்புடா சாமி," என்று சொல்லிவிட்டு உடனே திரும்பிப் போனான். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் அவன் வயிற்றைப் பார்த்து நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் நீங்கள் சீக்கிரமே சிரிப்பதை நிறுத்திவிட்டீர்கள். "இந்தக் கொசுப்புழு குட்டி வாயில நுழையாது பிள்ள. அதுக்குக் குருணை வேணும். இப்பவே வளக்க ஆரம்பிக்கணும்," என்றீர்கள். தொட்டியின் கண்ணாடியில் வெளிச்சம் படுகிற பக்கமாக வெள்ளைப் புள்ளிகள் தத்தித் தத்தி ஓடுவதை அப்போதுதான் எனக்குக் காட்டினீர்கள். அரிசி புடைக்கும்போது விழுகிற நொய்யிலும் நொய். நாம் அதற்கு வைத்த பெயர்தான் குருணை. நகை ஆசாரியிடம் கண்ணில் வைத்துப் பார்க்கிற லென்ஸை இரவல் வாங்கி வந்தேன். அதில் பார்த்தபோது ஒவ்வொரு புள்ளிக்கும் மீசை இருந்தது. சிலதற்கு வால் பக்கம் முட்டைப் பை இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடையில் ஊறுகாய் விற்றுக் காலியான கண்ணாடி ஜாடிகளைச் சோப்புப் போடாமல் சாம்பலும் வெந்நீரும் விட்டுக் கழுவினோம். கடல் தண்ணீரை ஊற்றி, பாசிக் கல்லைத் தேய்த்து உதறினீர்கள். ஒரே ஜாடியில் வைக்கக் கூடாது, ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்க வேண்டும் என்று பிரித்து வைத்தீர்கள். ஒரு ஜாடியை வெயிலில் வைத்துத் தண்ணீரைப் பச்சையாக்கினீர்கள். அந்தப் பச்சைத் தண்ணீர்தான் குருணைக்குச் சாப்பாடு. அது போதாத நாளில் ஆங்கிலோ இந்தியர் பேக்கரியில் ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்டை ஊசி முனையளவு கரைத்து விடுவீர்கள். ஒரு தடவை நான் தாராளமாக விட்டுவிட்டேன். ஜாடி பாலாகத் திரிந்து, வீடே அழுகின முட்டை நாற்றம். அம்மா அன்று பாதி நாள் தெருவிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் ஜாடிகளை அலமாரித் தட்டில் வரிசையாக அடுக்கியபோது அம்மாதான் ஓடிவந்தாள். "அங்க வெக்காத! பிளாஸ்ட் வந்தா அத்தினியும் கீய உழுந்துடும்!" சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சரிந்தால் ஊரே ஒரு குலுங்கு குலுங்குமே, அதைச் சொன்னாள். நம் ஊரில் கண்ணாடிச் சாமானை யாரும் உயரத்தில் வைக்க மாட்டார்கள். அம்மாவே ஒரு கோணிப்பையில் மணலை நிரப்பித் தரையில் போட்டு, அதன்மேல் ஜாடிகளை அழுத்தி உட்கார வைத்தாள். வைக்கும்போதும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வைத்தாள்.

ஜாடியில் தண்ணீர் வற்றும். நீங்கள் வெளியே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றுவீர்கள். உப்புப் போட வேண்டாமா என்று நான் கேட்டேன். "உப்பளத்துக்காரிகிட்ட கேக்குற கேள்வியா இது? தண்ணிதான் போவும் பிள்ள. உப்பு எங்கயும் போவாது," என்றீர்கள். இதை நான் மட்டும்தான் கேட்டேன். அம்மா அப்போது கடையில் இருந்தாள்.

அந்த நாட்களில் ஒருநாள்தான் அதைச் சொன்னீர்கள். நான் டார்ச்சை ஜாடியின் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன். குருணையெல்லாம் வெளிச்சத்துக்குக் கூடிவரும், நீங்கள் ரப்பர் குழாயால் உறிஞ்சி மல் துணியில் வடிப்பீர்கள். துணியைப் பார்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"தம்பிக்குக் காயிதம் போட்டுருக்கேன். மாசிக்கு வருவான். இந்தக் குட்டியள்ல ஒண்ணாவது இந்த ஊர்ல பொழைச்சு நின்னுட்டா நானும் இருந்துருவேன். இல்லன்னா அவன்கூடக் கிளம்பிருவேன். உங்க அண்ணன்கிட்ட சொல்லிராத."

நான் டார்ச்சை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன். என் அண்ணனை விட்டுப் போவதாகச் சொல்கிறீர்கள், எனக்கு அண்ணனைப் பற்றி நினைப்பே வரவில்லை. என்னை விட்டுப் போகப்போகிறீர்கள் என்றுதான் தோன்றியது. அன்றிலிருந்து அந்தக் குட்டிகள் உங்களுக்கு எப்படியோ, எனக்கு அதைவிட முக்கியமாகப் போய்விட்டன.

ஒரு விடியற்காலையில் ஆண் குதிரை உடம்பை வளைத்து வளைத்துக் குட்டிகளை உதறியது. மஞ்சள் கடுகுக்கு வாலும் மூக்கும் முளைத்த அளவு. நூற்றுக்கணக்கில் இருக்கும். அண்ணன் கடை திறக்க நேரமாகிவிட்டது என்பதையே மறந்து நின்றான். பெரிய வாயுள்ள ஜாடி ஒன்றில் அவற்றைப் பிரித்து விட்டோம். குருணையை வடித்து விட்டதும் ஒரு குட்டி தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் பார்த்து, படக்கென்று ஒன்றை உறிஞ்சியது. நீங்கள் என் கையைப் பிடித்த பிடி வலித்தது.

பிறகு தினமும் குறைந்தன. காலையில் பார்த்தால் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் கிடக்கும். உங்கள் ஜாடிகள் தருகிற குருணை அவற்றுக்குப் போதவில்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு ஓட்டமும் நடையுமாக வருவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உங்கள் முகத்தைப் பார்ப்பேன். கடைசியில் ஒரு கைப்பிடி அளவுதான் மிஞ்சின. ஆனால் அவை வளர்ந்திருந்தன. பாசித் துணுக்கில் வாலைச் சுற்றப் பழகியிருந்தன. மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. "இதுங்க நின்னுரும்னு தோணுது பிள்ள," என்று நீங்களே ஒருநாள் சொன்னீர்கள். நான் அன்று பேக்கரியில் பன் வாங்கி வந்து வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன்.

அந்த நேரத்தில்தானா பங்காருப்பேட்டையில் கல்யாணம் வர வேண்டும்! அண்ணனுக்கு நெருங்கிய வியாபாரி வீட்டுக் கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. அம்மாவுக்கு முட்டி வலி, அவள் வரவில்லை. வீட்டிலேயே இருக்கிறாளே, குருணையை மட்டும் வேளாவேளைக்கு வடித்து விடச் சொல்லிக் காட்டிக் கொடுத்துவிட்டு, அரை மனசோடு கிளம்பினீர்கள். அங்கே ராத்தங்கி, மறுநாள் பொழுது சாய்கிற நேரத்துக்குத் திரும்பினோம்.

அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். முட்டி வலிக்காரி எழுந்து நிற்கிறாளே என்று பார்த்தேன். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"வாம்மா, வா வா, வந்து பாரு! காலைல போய்ப் பாக்கறேன், அத்தினியும் சாஞ்சு அடில கெடக்குதுங்க. எங்கப்பா இங்க மைசூர் மைன்ஸ்ல கேஜ் லிஃப்ட்ல ஏறி மேல வந்தார்னா இப்டிதான் சாஞ்சு கெடப்பாரு. கீய அவ்ளோ சூடு. உடம்புல உப்பெல்லாம் பூட்டுதுன்னு உப்புத்தண்ணி கரைச்சுக் குடுப்போம். எழுந்து உக்காந்துடுவாரு. அதான் நானும் ரெண்டு கை உப்பு அள்ளிப் போட்டேன். இன்னா ஆச்சுன்ற? அத்தினியும் எழுந்து மேல வந்துடுச்சுமா! நம்ம குட்டிங்க தப்பிச்சிடுச்சுங்க!"

நாம் பின்கட்டுக்குப் போனோம். ஜாடியின் மேல்பக்கத்தில், தண்ணீரின் விளிம்பை ஒட்டி, அவை மிதந்துகொண்டிருந்தன. உப்புக் கரைத்த தண்ணீரில் கோழி முட்டை மேலே வருமல்லவா, அப்படி வந்திருந்தன. அது எழுந்தது இல்லை என்று எனக்கே தெரிந்தது, உப்பளத்துக்காரிக்குத் தெரியாமல் இருக்குமா? அம்மாவை ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து அமுக்கினீர்கள்.

"ஆமா அத்தை. எந்திரிச்சிருச்சு," என்றீர்கள்.

அம்மா காபி போட உள்ளே போனதும் உப்பைக் குறைக்க, ஆற வைத்த தண்ணீரைச் சொம்பில் எடுத்து, விளிம்போரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டீர்கள். அம்மா வரும் சத்தம் கேட்டதும் சொம்பை மறைத்தீர்கள். காபியைக் குடித்தீர்கள். மறுபடி விட்டீர்கள். விடிந்தபோது ஒன்றுக்கும் உயிர் இல்லை.

அம்மா ஜாடிக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. "உப்பு பத்தலியோ? இன்னொரு கை போட்டிருக்கணுமோ?" என்று கேட்டாள். தன் அப்பாவுக்கு உப்புத்தண்ணீர் கலக்கிய அந்தச் சின்னப் பெண்ணின் குரலில் கேட்டாள்.

"இல்லத்தை. நீங்க போட்டதுனாலதான் நாங்க வார வரைக்கும் நின்னுது. நான் வந்து ஒரு தடவ பாத்துட்டேன்லா," என்றீர்கள்.

நான் துணி துவைக்கிற கல்லுக்குப் போய் அழுதேன். நீங்கள் வந்தீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்கள்மேல்தான் பாய்ந்தேன். ஏன் பொய் சொன்னீர்கள், அம்மாவுக்குத் தெரிய வேண்டாமா, இவ்வளவு நாள் பட்ட பாடு என்ன ஆவது என்று கத்தினேன். நீங்கள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே பேசினீர்கள்.

"ஜாடி வந்த நாள்லேருந்து என் கடலை உங்கம்மா நாத்தம்னுதான் சொன்னாங்க. நேத்து நம்ம குட்டின்னாங்க. பெத்த அப்பனுக்குச் செஞ்ச வைத்தியத்த அதுக்குச் செஞ்சிருக்காங்க. அவங்களப் போய் நான் என்னத்தச் சொல்ல?"

இருப்பீர்களா போவீர்களா என்று சொல்லவில்லை. ஒன்றும் பிழைக்கவில்லை, ஆகவே கிளம்பிவிடுவீர்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

மாசியில் உங்கள் தம்பி வந்தார். இரண்டு நாள் தங்கினார். புறப்படுகிற அன்று நீங்களும் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினீர்கள். வண்டியில் உங்கள் தகரப் பெட்டி இருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தேன். வழியெல்லாம் நீங்கள் சயனைடு மேட்டைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள், நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றது. பெட்டியை ஏற்றிவிடச் சொன்னீர்கள். நான் இரண்டு கையாலும் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் தூக்கினேன். அது காற்றாக மேலே வந்தது. தடுமாறி விழப் பார்த்தேன்.

காலி.

"அம்மாட்ட குடுத்துரு. அங்க யாருக்காவது ஆவும்," என்று தம்பியிடம் சொன்னீர்கள். அவர் ஒரு நிமிஷம் உங்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு வாங்கி உள்ளே வைத்தார். ரயில் பங்காருப்பேட்டைப் பக்கம் போய் மறைகிற வரை நீங்கள் நின்றீர்கள். உங்கள் புடவைகளெல்லாம் எப்போது அலமாரிக்குப் போயின என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும் வழியில் நான் வாய் ஓயாமல் ஏதேதோ பேசினேன். நீங்கள் கேட்டுக்கொண்டு வந்தீர்கள்.

அதற்கப்புறம் பெரிய குதிரைகளும் போய்விட்டன. குருணை மட்டும் சாகவில்லை. அம்மா உப்புக் கொட்டிய ஜாடியில்கூட ஓடிக்கொண்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், பிறகு அதற்குத் தீனி போட்டவள் அம்மாதான். தின்பதற்கு மீனே இல்லாத வீட்டில் காலையில் எழுந்ததும் ஈஸ்ட் கரைத்தாள். "எங்க மருமவளோட கடலு," என்று கடைக்கு வருகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். உங்கள் மகன் தவழ ஆரம்பித்து ஜாடியைப் பிடித்து இழுக்கிற வரை அது இருந்தது. ஜாடி உடைந்து தண்ணீர் ஓடியபோது நீங்கள் பிள்ளையைத்தான் தூக்கினீர்கள். நான்தான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா போனாள். அண்ணன் போனான். நீங்களும் நானும் மட்டும் இந்த வீட்டில் ஒரே டப்பாவில் காபித்தூள் போட்டு வைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்தோம். கல்யாணம் கட்டாத நாத்தனாரை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று உங்களை யாராவது கேட்டால், "அவதான் என்ன வச்சிருக்கா," என்பீர்கள். இன்று காலையிலும் இரண்டு டம்ளரை எடுத்து வைத்துவிட்டேன். ஒன்றைத் திருப்பி உள்ளே வைக்க மனசு வரவில்லை. அது மேடையிலேயே இருக்கிறது.

உங்கள் காரியத்துக்கு உங்கள் தம்பி வந்திருந்தார். தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்.

"அக்கா இங்க சந்தோசமா இருந்தாளா?"

நான் வாயாடி. எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்று எனக்கு வந்தது ஒன்றுதான். "எங்ககூட இருந்தாங்க," என்றேன். அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார். அது போதுமா போதாதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

ஒரே கூரைக்கு அடியில் இவ்வளவு வருஷம் இருந்திருக்கிறோம். கீரை ஆய்ந்துகொண்டு, மின்சாரம் போன சாயங்காலங்களில் விசிறிக்கொண்டு, எத்தனையோ பேசியிருக்கிறோம். இதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால், யோசித்துப் பார்த்து, "கிளம்புதேன் பிள்ள," என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயம். ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பிடித்த பயம், உங்கள் தலைமுடி நரைத்த பிறகும், போவதற்கு அங்கே வீடே இல்லாமல் போன பிறகும் என்னை விடவில்லை. இப்போது நீங்கள் போய்விட்டீர்கள். இனிமேல் பயப்படுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் கேட்கிறேன்.

சந்தோஷமாக இருந்தீர்களா, அண்ணி?